கமுதி வழக்கு முதல் பி.சி.ஆர். கேஸ் வரை

தென் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிறவர்களுக்கு இந்த வரி பழக்கமானது: "பார்த்துப் பேசுங்கப்பா, பி.சி.ஆர். கேஸ் போட்டுடுவாங்க." சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விஷயம் புரியும். ஆனால் அந்த மூன்று எழுத்துக்கு விரிவு கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. புரொடெக்‌ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ், அதாவது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இன்னொரு வேடிக்கை, இன்றைக்கு 'பி.சி.ஆர். கேஸ்' என்று ஊரில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தில் வருவதே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கென 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்தான் பதிவாகின்றன. காவல்துறையில் இதற்கென இருந்த பிரிவுக்கு அந்தக் காலத்தில் பி.சி.ஆர். என்று பெயர். பிரிவின் பெயர் பிறகு மாறியது, மக்கள் வாயில் பழைய பெயரே தங்கிவிட்டது.

'சிவில் ரைட்ஸ்' என்றதும் நமக்கு அமெரிக்கா, பேருந்து, மார்ட்டின் லூதர் கிங் என்றுதான் நினைவு ஓடுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பிரித்துப் பார்த்தால் அங்கே வேறு விளக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததால் ஒருவருக்குக் கிடைக்கும் எந்த உரிமையும் குடிமை உரிமை. அவ்வளவுதான் வரையறை. அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை தெருவில் நடப்பதும், கிணற்றில் நீர் இறைப்பதும், கோயிலுக்குள் கால் வைப்பதும்தான் சிவில் ரைட்ஸ். எனவே தெருவையும் கிணற்றையும் கோயிலையும் பின்தொடர்ந்து போனாலே இந்தக் கதை வந்துவிடும். போகிற வழியில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு சட்டத்திலும் வினைச்சொல் என்ன, அது யாரைப் பார்த்துப் பேசுகிறது.

தொடக்கத்தில் சட்டம் பேசியது கதவைச் சாத்துகிறவர் பக்கம்.

1897 மே மாதம். ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்ட கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் போய்ச் சாமி கும்பிட்டார்கள். அதுவரை அவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் சிகாகோ போக உதவியவர் என்று நாம் படிக்கும் அதே சேதுபதிதான். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று அவர் பெயரில் மதுரை கோர்ட்டில் வழக்குப் போனது. 1899இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. இனி நுழையக் கூடாது, சுத்திகரிப்புச் சடங்குக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். அதே ஆண்டுதான் சிவகாசிக் கலவரமும். கோர்ட்டுக்குள் நடந்ததற்கும் வெளியே எரிந்ததற்கும் இடையே தூரம் அதிகமில்லை.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது சேதுபதி மனம் மாறினார். நாடார்களுடன் சமரசம் செய்துகொள்ள முன்வந்தார். நியாயமாகப் பார்த்தால் வாதியும் பிரதிவாதியும் ஒத்துப்போய்விட்டால் வழக்கு முடிய வேண்டும். முடியவில்லை. மற்ற சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றமும் சமரசத்தை ஏற்கவில்லை. வழக்கு லண்டனில் இருந்த, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. இதற்கிடையில் 1903இல் சேதுபதி காலமாக, அவர் மகன் பெயரில் வழக்கு தொடர்ந்தது. 1908இல் பிரிவி கவுன்சிலும் கீழ் நீதிமன்றங்கள் சொன்னதையே உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பிலிருந்து நிலைத்துப்போன சட்டம் இதுதான்: ஆகமம் என்னும் கோயில் சாத்திரப்படியும் கோயில் வழக்கப்படியும் நுழைய உரிமையில்லாதவர்களை உள்ளே விட ஓர் அறங்காவலர் ஒப்புக்கொண்டால், அவர் தன் பொறுப்புக்குத் துரோகம் செய்தவர் ஆகிறார். அதாவது மன்னரே நினைத்தாலும் கதவைத் திறக்க முடியாது. 'மாமூல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வழக்கம் ஒரு சாதியின் சொத்துரிமை மாதிரி ஆகிவிட்டது. அதற்குக் காவல் நிற்பது நீதிமன்றத்தின் வேலை. நீதிமன்றம் என்றாலே உரிமையை விரிவாக்கும் இடம் என்ற எண்ணத்தோடு இந்த வரலாற்றுக்குள் வருகிறவர்கள் கமுதியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான் இதை முதலில் படித்தபோது சமரசம் செல்லாமல் போன பக்கத்தை இரண்டு முறை திருப்பிப் படித்தேன்.

அப்புறம் தெரு. 1924இல் சென்னை சட்டசபையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் தலைவர் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, நடைபாதை எதிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் இவற்றை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதே முறையில், அதே அளவுக்குப் பயன்படுத்தலாம். தீர்மானம் ஏற்கப்பட்டு அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையாகவும் வெளியானது. அதில் இருக்கும் வினைச்சொல்லைப் பாருங்கள்: நடப்பதற்கு 'ஆட்சேபணை இல்லை'. நகராட்சி ஆபீசில் வாங்கும் தடையில்லாச் சான்று மாதிரி. யாருக்கு ஆட்சேபணை இல்லை? அரசுக்கு. ஊர்க்காரர் ஆட்சேபித்தால்? அதற்கு ஆணையில் பதில் இல்லை. ஆனாலும் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. பொதுத் தெரு என்றால் எல்லாருக்கும் பொது என்று அரசு காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு பக்கத்தில் திருவிதாங்கூரில், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் பெரியார் உட்படப் பலர் சிறை சென்றுகொண்டிருந்தார்கள். அங்கே 1936 நவம்பரில் மன்னரின் பிரகடனம் அரசுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், சுசீந்திரம் கோயில் கதவு மதுரைக்கு முன்பே திறந்தது.

1938இல் சென்னை மாகாணத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் இன்னொரு தலைவர் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமைத் தகுதியின்மை நீக்கச் சட்டம். சாலை, கிணறு, வண்டி, கடை, ஹோட்டல் எதிலும் தடுக்கக் கூடாது. தடுத்தால் குற்றம், போலீஸே நடவடிக்கை எடுக்கலாம். முதல் தடவை சிறு அபராதம், மறுபடி செய்தால் ஆறு மாதம் வரை சிறை. இப்படிப்பட்ட வழக்கத்தை எந்த நீதிமன்றமும் இனி அமலாக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. கமுதியில் கோர்ட்டு பார்த்த காவல் வேலையிலிருந்து அதை விலக்கிவைத்த சட்டம் இது. 'ஆட்சேபணை இல்லை' என்பது 14 ஆண்டுகளில் 'தடுத்தால் தண்டனை' என்றானது.

ஆனால் இது தெருவுக்கும் கடைக்கும்தான், கோயிலுக்கு இல்லை. அதே ராஜா கோயில் நுழைவுக்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு அதை ஆதரிக்கவில்லை. பதிலுக்கு மலபாருக்கு மட்டும் ஒரு கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. அதன்படி அந்தந்தப் பகுதியில் சாதி இந்து வாக்காளர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், பெரும்பான்மை சரியென்றால் கோயில் திறக்கலாம். ஒருவர் சாமி கும்பிடலாமா என்பதை, ஏற்கெனவே உள்ளே நிற்பவர்கள் ஓட்டுப்போட்டு முடிவுசெய்வது. ராஜாஜியின் ஆதரவாளர்கள் இதை நடைமுறை சாதுரியம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மதுரை 1939 ஜூலை 8 பலருக்கும் தெரிந்த கதை. காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது. பின்னால் அமைச்சரான கக்கன் அதில் இருந்தார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வரவேற்றார். பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். பலர் கவனிக்காமல் விடும் விஷயம், அந்தக் குழுவில் விருதுநகரைச் சேர்ந்த நாடார் ஒருவரும் இருந்தார். கமுதித் தீர்ப்பு லண்டனில் உறுதியாகி 31 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, அதே சட்டம்தான் இன்னும் நடப்பில் இருந்தது. அந்தக் கணக்கில் அன்று காலை கதவைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகம்தான் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றது.

அதனால்தான் அவசர அவசரமாக வந்த சட்டத்துக்கு அப்படியொரு நீளமான பெயர்: கோயில் நுழைவு அங்கீகாரம் மற்றும் பாதுகாப்பளிப்புச் சட்டம், 1939. யாருக்குப் பாதுகாப்பு? உள்ளே போனவர்களுக்கு இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். கதவைத் திறந்துவிட்ட அதிகாரிகளுக்கும் அறங்காவலர்களுக்கும்தான், அவர்கள் மேல் பழைய சட்டத்தின்படி வழக்குப் போட முடியாதபடி. கமுதி வழக்கைத் தெரியாமல் இந்தப் பெயரைப் படித்தால் ஏதோ வக்கீல் சம்பிரதாயம் என்றுதான் தோன்றும். இனிமேலுக்கு என்ன? வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால், அரசின் சம்மதத்தோடு கோயிலைத் திறக்கலாம். இங்கே வினைச்சொல் 'திறக்கலாம்'. எழுவாய் அறங்காவலர். உள்ளே போகிறவர் வாக்கியத்தில் இன்னும் எழுவாயாக வரவில்லை.

அவர் எழுவாயாக வந்தது 1947இல். அந்த ஆண்டின் 5ஆம் எண் மெட்ராஸ் சட்டம், கோயில் நுழைவு அங்கீகாரச் சட்டம். எந்தச் சட்டமோ வழக்கமோ எதிராக இருந்தாலும் சரி, விலக்கிவைக்கப்பட்ட வகுப்பினர் எந்த இந்துக் கோயிலுக்குள்ளும் நுழைந்து, மற்ற இந்துக்கள் வழிபடும் அதே முறையில், அதே அளவுக்கு வழிபட 'உரிமை உடையவர்கள்'. ரெட்டமலை சீனிவாசன் தெருவுக்குக் கேட்ட அந்த 'அதே முறையில், அதே அளவுக்கு' கோயிலுக்குள் வந்து சேர 23 ஆண்டு பிடித்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஏற்கப்பட்டது. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது தடை செய்யப்படுகிறது, அதன் பேரில் ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம். தீண்டாமை என்றால் என்ன என்று எங்கேயும் வரையறுக்கவில்லை. அந்தச் சொல்லை மேற்கோள்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வரையறை இல்லாவிட்டால் சிக்கல் வரும் என்று சபையிலேயே சிலர் சொன்னார்கள். வரையறுத்திருந்தால் அதற்குள் வராத புதுப்புது வடிவங்களை ஊர்கள் கண்டுபிடித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைப் பார்த்துப் பேசுகின்றன: அரசே, இதைச் செய்யாதே. 17ஆம் பிரிவு பக்கத்து வீட்டுக்காரரையும் டீக்கடைக்காரரையும் பார்த்துப் பேசுகிறது. தனி மனிதர்கள் மேலும் இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு வழக்கில் தெளிவாகவே சொன்னது.

பிரிவு குற்றம் என்கிறது, தண்டனையைச் சொல்லவில்லை. அதை நாடாளுமன்றம் சொல்ல 1955 ஆயிற்று. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அந்த ஆண்டு ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. இதில்தான் நம் டீக்கடை வருகிறது. 4ஆம் பிரிவில் கடை, ஹோட்டல் என்று சொல்லிக்கொண்டே போய், பொதுமக்களுக்காக அங்கே வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். பாத்திரம் என்ற சொல் ஒரு மத்தியச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருந்தது என்று நம்பலாம். இரட்டைக் குவளை இதற்குத் தந்த பதிலும் அதே அளவு புத்திசாலித்தனமானது. உள்ளே கண்ணாடி டம்ளர், வெளியே கீற்றில் செருகிவைத்த சிரட்டை அல்லது அலுமினியக் குவளை என்றிருந்தது போய், எல்லாருக்கும் தெரிந்த வித்தியாசமாக ஒரு கோடு போட்ட டம்ளர் வந்தது. பிறகு 'பேப்பர் கப்பா?' என்று முகம் பார்த்துக் கேட்கும் கேள்வி வந்தது. எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் குற்றமில்லை. முகம் பார்த்துக் கொடுத்தால் குற்றம். ஆனால் எப்படி நிரூபிப்பது?

இதற்கு 12ஆம் பிரிவில் ஒரு வழி வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, தடுத்தது நடந்திருந்தால், தீண்டாமையின் பேரில்தான் அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். 'கூட்டமாக இருந்தது, ஓரமா நிற்கச் சொன்னேன், சாதியே எனக்குத் தெரியாது' என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒருவர் மனசுக்குள் இருக்கும் காரணத்தைச் சாட்சி வைத்து நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோர்ட்டுப் படி ஏறியவர்களுக்குத் தெரியும். அந்தச் சுமையை இடம் மாற்றியது சாதாரண விஷயமில்லை.

சட்டத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. தண்டனை ஆறு மாதம் 'வரை', அல்லது 500 ரூபாய் அபராதம் 'வரை'. குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. போதாததற்குக் குற்றங்கள் ராஜியாகக் கூடியவை. ராஜி என்றால் என்ன என்று கிராமத்தில் விளக்கவே வேண்டாம். புகார் கொடுத்தவர் வேலை பார்ப்பது யார் வயலில்? கடன் யாரிடம்? சாயங்காலம் நாலு பெரியவர்கள் வந்து 'விட்டுடுப்பா, ஊர் ஒண்ணா இருக்கணும்ல' என்பார்கள். மறுநாள் கோர்ட்டில் மனு.

இதே காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கோயில் வழக்கு போனது. மங்களூர் பக்கம் மூல்கி வேங்கடரமணர் கோயில், வழக்கு தொடங்கியபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. இது கௌட சாரஸ்வதப் பிராமணர்களின் கோயில், எங்கள் சமயப் பிரிவின் காரியத்தை நாங்களே நடத்த அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு உரிமை தருகிறது, 1947 சட்டம் எங்களுக்குச் செல்லாது என்றார்கள். 1957 நவம்பரில் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசாமி தீட்சிதர் கிருதிகளில் கரைகண்டவர், சங்கீத கலாநிதி. தீர்ப்பிலும் ஒரு வித்வானின் நிதானம் இருக்கிறது. ஆகமத்தில் கோயில் அமைப்பு எப்படி, யார் எதுவரை போகலாம் என்று விரித்துச் சொல்கிறார். கமுதி வழக்கையும் எடுத்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு, பொதுக் கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறக்க அரசுக்கு 25ஆம் பிரிவு தரும் அதிகாரத்துக்குச் சமயப் பிரிவின் உரிமை அடங்கித்தான் போக வேண்டும் என்று முடிக்கிறார். ஒரு விதிவிலக்கும் வைத்தார். சில குறிப்பிட்ட சடங்கு நேரங்களில் மட்டும் அந்தப் பிரிவினர் மற்றவர்களை விலக்கிவைத்துக்கொள்ளலாம். கதவு திறந்தது, நேரம் பார்த்துத் திறந்தது.

1955 சட்டத்தின் ஓட்டைகளைத் துருவிப் பார்த்தவர் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த பட்டியல் சாதித் தலைவர் எல். இளையபெருமாள். தீண்டாமை நிலவரத்தை ஆராய அவர் தலைமையில் 1965இல் அமைக்கப்பட்ட குழு 1969இல் அறிக்கை கொடுத்தது. அதன் பலன் இரண்டு வழியில் ஓடியது. ஒன்று டெல்லியில். 1976 திருத்தத்தில் சட்டத்தின் பெயரே குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது ஒரு மாதம் சிறை, குறைந்தது 100 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்த்து. ராஜிக்கு இடமில்லை. இன்னொரு சின்ன வெட்டும் நடந்தது. பழைய சட்டத்தில், அதே மதத்தையோ அதே சமயப் பிரிவையோ சேர்ந்தவர்களுக்கு அனுமதி உள்ள இடத்தில் தடுக்கக் கூடாது என்று இருந்தது. 'அதே பிரிவு' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, இது எங்கள் பங்காளிகள் கோயில், நீ எங்கள் பிரிவு இல்லையே என்று வாதாட இடமிருந்தது. அந்தச் சில சொற்களை 1976இல் எடுத்துவிட்டார்கள். தனியார் கோயிலாக இருந்தாலும், பொதுமக்கள் வழிபட விட்டிருந்தால் அது பொது வழிபாட்டு இடம்தான் என்றும் சேர்த்தார்கள்.

இன்னொரு வழி சென்னையில். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்லியிருந்தது. கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் அறிவித்திருந்த நேரம். தி.மு.க. அரசு அறநிலையத் துறைச் சட்டத்தைத் திருத்தியபோது இந்த அறிக்கையைத்தான் காரணமாகக் காட்டியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் பாதி கொடுத்தது: அர்ச்சகரை நியமிப்பது சமயச் சடங்கு இல்லை, நிர்வாகக் காரியம், ஆகவே அப்பாவுக்குப் பின் பிள்ளை என்ற வாரிசு முறையை ஒழிக்கலாம். ஆனால் நியமிக்கப்படுபவர் ஆகமம் சொல்லும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். அந்தப் பின்பாதியில்தான் வண்டி அரை நூற்றாண்டாக நிற்கிறது. 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை, பயிற்சிப் பள்ளிகள். 2015இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்யவில்லை, ஒவ்வொரு கோயிலுக்கும் அதன் ஆகமத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள் என்றது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற 24 பேருக்கு நியமனம். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், ஆகமக் கோயில்களில் ஆகமப்படியே நியமனம், எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய ஒரு குழு என்றது. பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்களில் பலருக்கு இதற்குள் தலை நரைத்துவிட்டது.

சரி, கிணறு? 1992 டிசம்பரில் கர்நாடகத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஊரில் புதிதாகத் தோண்டிய போர்வெல்லில் தண்ணீர் எடுக்க விடவில்லை என்பது புகார். உயர் நீதிமன்றம் விடுதலை செய்திருந்ததை மாற்றித் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீதிபதி கே. ராமசாமி 17ஆம் பிரிவின் வரலாற்றை விரிவாக எழுதினார். தண்டனை என்னவென்றால், ஒரு மாதம் சிறை, 100 ரூபாய் அபராதம். ஒரு குடம் தண்ணீருக்காக டெல்லி வரை போன வழக்கு.

அதற்குள் நாடாளுமன்றம் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியிருந்தது. 1968 கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து போன நாட்டில், 'தடுப்பது' என்ற வினைச்சொல் போதவில்லை. 1989இல் நிறைவேறி 1990 ஜனவரி 30இல் நடப்புக்கு வந்த சட்டத்தின் பெயரிலேயே 'வன்கொடுமை' இருக்கிறது. தீண்டாமை ஒருவரை விலக்கிவைப்பது. அவர் விலக மறுத்து நிலம் வாங்கினால், தேர்தலில் நின்றால், கூலி உயர்த்திக் கேட்டால் வருவது வன்கொடுமை. உண்ணத் தகாததை வாயில் திணிப்பது, நிலத்தைப் பறிப்பது, ஓட்டுப்போட விடாமல் தடுப்பது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதினார்கள். முன்ஜாமீன் கிடையாது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி.க்குக் குறையக் கூடாது. கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கும் தண்டனை உண்டு. 1924 ஆணையில் ஆட்சேபணை இல்லை என்று ஒதுங்கி நின்ற அரசு, இங்கே தானே குற்றவாளிக் கூண்டில் ஏறக்கூடிய இடத்துக்கு வந்தது.

சட்டம் விரிந்துகொண்டே போகும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி, முன்ஜாமீன் தரலாம், கைது செய்ய முன் அனுமதி வேண்டும், வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. ஏப்ரல் 2 நாடெங்கும் பந்த். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அதையெல்லாம் நீக்கியது. 2019இல் நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது, 2020 பிப்ரவரியில் திருத்தம் செல்லும் என்றது. அதே 2020இன் கடைசியில் இன்னொரு தீர்ப்பு: சாதி சொல்லித் திட்டியது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் நான்கு சுவருக்குள் வெளியாட்கள் இல்லாதபோது நடந்தால் இந்தப் பிரிவில் குற்றமில்லை. வேலைக்குப் போன வீட்டுக்குள் திட்டு வாங்குகிறவருக்கு இது என்ன சொல்கிறது என்பதைத் தீர்ப்பு எழுதியவர்களே சொல்ல வேண்டும்.

'பி.சி.ஆர். கேஸ் போட்டுடுவாங்க' என்ற வரியில் இருக்கும் பயம் ஒரு வகையில் சட்டத்தின் வெற்றிதான். அந்த வரியின் பின்பாதியை, 'எல்லாம் பொய்க் கேஸு' என்பதை, அதே பெஞ்சில் அதே மூச்சில் சொல்வார்கள். 2018 தீர்ப்பில் எதிரொலித்தது அந்தப் பின்பாதிதான் என்பது என் கணிப்பு.

கோயிலுக்குத் திரும்பலாம். 2023 ஜனவரி 30 அன்று திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் முதன்முறையாகப் பொங்கல் பானையோடும் மாலையோடும் போனார்கள். கோயில் அறநிலையத் துறையினுடையது. மாவட்ட ஆட்சியரும் போலீஸும் உடன் வந்தார்கள். சில மாதம் கழித்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் உள்ளே போனவர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை ஓயாமல் நடந்தும் ஒத்துவரவில்லை, ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது, பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்வதற்காக, பக்தர்கள் யாருக்கும் அனுமதியில்லாமல். ஊர்க்காரருக்கும் இல்லை, காலனிக்காரருக்கும் இல்லை. 'அதே முறையில், அதே அளவுக்கு' என்ற சொற்களுக்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது போல. பட்டியல் சாதி மக்கள் உள்ளே போனது 2025 ஏப்ரலில், போலீஸ் காவலோடு. அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்த 1947ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டத்துக்கு அப்போது வயது 78.